கொடுவாத் தலை, குடல், கோழித்தீன்

மீன்கழிவிலிருந்து புரதத் தீவனம் செய்வது பற்றி விசாரிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் இயந்திரத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எத்தனை குதிரைவலு, எங்கே வாங்கலாம், இந்தியாவில் என்ன விலை என்பவைதான் முதற் கேள்விகளாக இருக்கும். யாழ்ப்பாணத்தில் இந்த வேலையைச் சிறிய அளவில் செய்துவருகிறவன் என்ற முறையில் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே: மீன் வெட்டுகிற இடத்திலிருந்து கழிவு உங்கள் கைக்கு வர எவ்வளவு நேரமாகும்? அந்தக் கழிவு தீவனமாகுமா, வெறும் நாற்றமாகுமா என்பது வெட்டுமேசையில் முதல் மூன்று நான்கு மணித்தியாலத்துக்குள் முடிவாகிவிடுகிறது. அதன்பின் வருகிற இயந்திரமும் அமிலமும் அடுப்பும் அந்த முடிவை மாற்றுவதில்லை.

நான் இதற்குள் வந்தது கோழிப் பக்கத்திலிருந்து. வலிகாமத்தில் முட்டைக்கோழி வளர்க்கிறேன். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் சோளம், சோயா, இறக்குமதி மீன்தூள் எல்லாம் எட்டாத விலைக்குப் போனபோது அயலில் பலர் கோழிகளை விற்றுக் கூட்டைக் காலிசெய்தார்கள். கோழித்தீனில் விலை கூடிய பங்கு புரதம்தான். மாச்சத்துக்கு உள்ளூரில் எதையாவது ஈடுசெய்யலாம், புரதத்துக்கு அப்படி முடியாது. அதே காலத்தில் என் மச்சான் ஒருவர், கடல்நீரேரியில் கூடுகளில் கொடுவா வளர்க்கிற ஒரு குழுவோடு வேலைசெய்துகொண்டிருந்தார். கொடுவாவின் சதையை மட்டும் துண்டாக எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினால், மீனின் நிறையில் பாதிக்கும் மேல் தலை, நடுமுள், தோல், குடல் என்று இங்கேயே மிஞ்சும். அதை அவர்கள் வளவின் மூலையில் கிடங்கு வெட்டிப் புதைத்தார்கள்.

குடாநாட்டில் புதைப்பது கழிவை அகற்றுவதாகாது. நிலத்துக்குக் கீழே வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல் இருக்கிறது. எங்கள் குடிநீர் அந்தக் கல்லுக்குள்தான் நிற்கிறது. மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாற்றை விட்டால் எங்களுக்கு வேறு ஆறு கிடையாது, பெரும்பாலும் கிணற்றைத்தான் நம்பியிருக்கிறோம். தோட்டங்களுக்கு இட்ட உரத்தாலும் மலசலகூடக் குழிகளாலும் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் சொல்கிற லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையை ஏற்கெனவே தாண்டியிருக்கிறது. மீனின் புரதம் மண்ணுக்குள் அழுகும்போது அதிலுள்ள நைதரசனும் அதே வழியால் கிணற்றுக்கு இறங்கும். கோழிக்கு நான் காசு கொடுத்து வாங்குகிற பொருளை இவர்கள் குடிநீருக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் என் கண்ணுக்குப் பட்ட கணக்கு.

சந்தைக் கழிவையும் வளர்ப்புமீன் கழிவையும் ஒன்றாக எண்ணக்கூடாது. குருநகரிலோ பாசையூரிலோ ஒரு வெட்டுமேசைக்குக் கீழே இருக்கிற வாளியைப் பார்த்தால் சூடை, பாரை, திருக்கை, கணவாய், நண்டு ஓடு எல்லாம் கலந்து கிடக்கும். விடிய வெட்டியதும் மத்தியானம் வெட்டியதும் ஒரே வாளிக்குள்தான் இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் அந்த வாளி நிறையாது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வளர்ப்புமீன் அப்படியல்ல. ஒரே இனம், ஏறக்குறைய ஒரே அளவு, எத்தனை மணிக்குத் தண்ணீரிலிருந்து எடுத்தது என்பது வரை தெரியும். அறுவடைக்கு முன் ஒரு நாளாவது தீன் நிறுத்துவதால் குடல் வெறுமையாக இருக்கும். நிறைந்த குடல் கெடுகிற வேகத்தில் வெறுங்குடல் கெடாது. மறுபக்கத்தில், அறுவடை என்றால் எல்லாக் கழிவும் ஒரே காலையில் வந்து குவியும், பிறகு வாரக்கணக்கில் ஒன்றும் வராது. ஆகவே வந்த அன்றே கெடாமல் நிறுத்திவிட்டு, ஆறுதலாக எடுத்துப் பாவிக்கக்கூடிய ஒரு முறை வேண்டும்.

வளர்ப்புமீனில் இன்னொரு கேள்வியும் உண்டு. நோய் கண்ட கூட்டுக்கு நுண்ணுயிர்கொல்லி மருந்து கலந்த தீன் கொடுத்திருந்தால், அந்த மருந்து உடலை விட்டு நீங்குவதற்குரிய காலம் முடியுமுன் எடுத்த மீனின் கழிவை நான் ஏற்பதில்லை. செத்து மிதந்த மீனையும் ஏற்பதில்லை. நோர்வேயின் சல்மன் பண்ணைகளில் செத்த மீனையும் அமிலத்தில் இட்டுத்தான் சேமிக்கிறார்கள். ஆனால் அது வேறு பாதையில் போகிறது, மனிதர் உண்ணும் விலங்குகளின் தீவனத்துக்கு வருவதில்லை. இங்கே இரண்டு பாதைகளை வைத்து நடத்த எனக்கு வசதியில்லாததால் ஒரு பாதையை முற்றாக மூடியிருக்கிறேன்.

மீன்தூள் ஏன் செய்யவில்லை என்று கேட்பார்கள். அவித்து, பிழிந்து, காயவைத்து, அரைத்து எடுக்கிற மீன்தூள் நல்ல பொருள்தான். வைத்திருக்க எளிது, எங்கேயும் விற்கலாம். ஆனால் கழிவின் நிறையில் முக்கால் பங்களவு தண்ணீர். 100 கிலோ கழிவிலிருந்து கிடைக்கும் தூள் 20 கிலோ அளவில் நின்றுவிடும். பிழியாமல் அந்த 75 லீற்றர் தண்ணீர் முழுவதையும் ஆவியாக்குவதென்றால், ஆவியாக்கும் வெப்பம் மட்டுமே ஏறக்குறைய 170 மெகாயூல். துளி வீணாகாத அடுப்பிலும் அதற்கு 11 கிலோ காய்ந்த விறகு வேண்டும். எங்கள் ஊர் அடுப்பில் அதன் மூன்று மடங்கு எரியும். ஒவ்வொரு நாளும் பல தொன் கழிவு வருகிற ஆலைக்குப் பொருந்துகிற முறை இது. அறுவடை நாளில் மட்டும் சில நூறு கிலோ கிடைக்கிற இடத்தில் அந்த இயந்திரம் ஆண்டின் பெரும்பகுதியைத் துருப்பிடிப்பதிலேயே கழிக்கும்.

நான் எடுத்த வழி மீன் சைலேஜ். பசும்புல்லை அமிலம் சேர்த்துக் கெடாமல் சேமிக்கும் முறையை 1920களில் உருவாக்கிய பின்லாந்து இரசாயனவியலாளர் ஆர்த்தூரி விர்த்தானென், 1945 இல் நொபெல் பரிசு பெற்றார். அதே கருத்தை வட ஐரோப்பிய நாடுகள் மீனுக்குக் கொண்டுபோயின. அடிப்படை எளிது. மீனை அரைத்துப் பிஎச் (புளிப்பைக் காட்டும் எண், அது குறையக் குறையப் புளிப்புக் கூடும்) 4 அல்லது அதற்குக் கீழே இறங்கும்படி அமிலம் கலந்தால், அழுகச்செய்கிற நுண்ணுயிர்கள் அடங்கிவிடும். மீனின் குடலிலேயே இருக்கிற சமிபாட்டு நொதியங்கள் மட்டும் தொடர்ந்து வேலைசெய்து புரதத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி முழுவதையும் திரவமாக்கும். எல்லை ஏன் 4 என்றால், பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சாதலை உண்டாக்கும் பற்றீரியா 4.6 க்குக் கீழே வளராது. இடையிலுள்ள இடைவெளி எங்கள் கலக்கல் பிழைகளுக்கான காப்பு.

அளவு இதுதான்: 100 கிலோ அரைத்த கழிவுக்கு 85 சதவீத போமிக் அமிலம் 3.5 கிலோ, அதாவது 3 லீற்றருக்குச் சற்றுக் குறைவு. தலையும் முள்ளும் கூடிய கழிவுக்கு அதைவிடச் சிறிது கூடத் தேவைப்படும், ஏனெனில் எலும்பின் கல்சியம் அமிலத்தைத் தின்னும். கலந்தவுடன் பிஎச் தாளை நனைத்துப் பார்த்தால் 3.5 காட்டும், மனம் நிறைந்துவிடும்; அடுத்த நாள் காலையில் எலும்பு கரையத் தொடங்கியதும் அதே பரல் (பிளாஸ்டிக் பீப்பாய்) 4.3 இல் நிற்கும். ஆகவே முதல் நாள் அளவீட்டை நம்பி மூடியை இறுக்கக்கூடாது. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் பார்த்து, ஏறியிருந்தால் அமிலம் சேர்த்துக் கலக்க வேண்டும்.

அரைப்பதில்தான் கூடிய சிக்கல். சாதாரண இறைச்சி அரைக்கும் மெசின் குடலையும் தோலையும் அரைக்கும். பெரிய கொடுவாவின் மண்டையோட்டில் அது நின்றுவிடும். தலையை வெட்டுக்கத்தியால் நெடுக்காகப் பிளந்து, பிறகு பிளந்த பாதிகளைக் குறுக்கே வெட்டித்தான் போட வேண்டியிருக்கிறது. துண்டு ஒரு சதமமீற்றரைவிடப் பெரிதாக இருந்தால் அமிலம் நடுவுக்குப் போய்ச் சேருமுன் உள்ளே அழுகத் தொடங்கும். செதில் தனிப் பிரச்சினை. அது மெசினின் துளைத்தட்டை அடைக்கும், பரலுக்குள்ளும் இலகுவில் கரையாது. எங்களோடு வெட்டுகிற பெண்கள் சதை எடுக்குமுன்பே செதிலை உரசித் தனிப் பெட்டியில் விழுத்திவிடுவதால் அந்தத் தொல்லை இல்லை.

குடலையும் தலையையும் சேர்த்தே அரைக்க வேண்டும் என்பது நான் எல்லோருக்கும் வற்புறுத்துகிற விடயம். சிலர் குடலை அருவருத்து எறிந்துவிட்டுத் தலையையும் முள்ளையும் மட்டும் கொண்டுவருவார்கள். அந்தப் பரல் ஒரு வாரம் நின்றாலும் சாந்துபோல இறுகியே கிடக்கும், ஏனெனில் திரவமாக்குகிற நொதியம் குடலில்தான் கூடுதலாக இருக்கிறது. குடலும் சேர்ந்த பரல் எங்கள் வெயிலில் இரண்டு மூன்று நாளில் தளர்ந்துவிடும். முதல் நாள் துடுப்பைக் குத்தினால் நிமிர்ந்து நிற்கும். அடுத்த நாள் சாயும். அதற்கடுத்த நாள் துடுப்பைத் தூக்கினால் பழுப்பு நிறக் கஞ்சி வழிந்தோடும், அடியில் முட்கள் மணல்போல் அரைபடும், மேலே ஒரு விரற்கடை உயரத்துக்குப் பொன்னிற எண்ணெய் மிதக்கும். நல்ல சைலேஜின் மணம் புளிப்பாக, முளைகட்டிய தானியத்தை வறுத்ததுபோல் இருக்கும். அழுகிய முட்டையின் மணமோ அமோனியாவின் காரமோ அதில் வரவே கூடாது. பரலை வெயிலில் நேராக வைப்பதில்லை. 40 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால் நொதியம் சோர்ந்துவிடும், தகரக் கூரையின் கீழ்ப் பங்குனி சித்திரையில் அது நடக்கக்கூடியதே. திரவமான பின் வெகுகாலம் வைத்திருப்பதிலும் பயனில்லை. புரதம் மேலும் மேலும் உடைந்துகொண்டே போகும், திரிப்டோபன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் அமிலச் சூழலில் குறையும்.

அமிலத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் ஆள் மோசமாகக் காயப்படக்கூடிய இடம் அது. இரப்பர்ப் பாலை உறையவைக்க இதே போமிக் அமிலம் பயன்படுவதால் கேகாலை, இரத்தினபுரி, களுத்துறைப் பக்கங்களில் அது எல்லோருக்கும் பழகிய பொருள். வடக்கில் அப்படியல்ல, கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும், இங்குள்ளவர்களுக்கு அதைக் கையாண்ட பழக்கமும் இல்லை. தோலில் பட்டால் கொப்புளம் போடும், கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம், மூடிய அறைக்குள் அதன் ஆவி நெஞ்சைப் பிடிக்கும். கான் திறக்கிறவர் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். முழங்கை வரை இறப்பர்க் கையுறையும் கண்ணை முழுவதும் மூடுகிற கண்ணாடியும் அணிய வேண்டும். தண்ணீர்க் குழாய் திறந்தவுடன் பாயக்கூடியதாகப் பக்கத்தில் இருக்க வேண்டும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அதன்பிறகு வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். கழுவாமல் ஓட்டோவில் ஏற்றுவது தவறு. சீமெந்துத் தொட்டி, நாகம் பூசிய வாளி, சாதாரண இரும்புத் துடுப்பு ஆகியவற்றை அமிலம் அரித்துவிடும். நீலப் பிளாஸ்டிக் பரலும் பனைமரத்தில் செதுக்கிய துடுப்புமே எங்களிடம் இருப்பவை. கந்தக அமிலம் மலிவு என்று சொல்லி அதற்கு மாறுகிறவர்களும் உண்டு. அதில் பிஎச்சை 2 வரை இறக்க வேண்டியிருக்கும், பிறகு விலங்குக்குக் கொடுக்குமுன் சுண்ணாம்பு போட்டுச் சமப்படுத்த வேண்டும். போமிக் அமிலத்தில் அந்த வேலை இல்லை.

அமிலத்துக்குப் பதிலாகச் சர்க்கரை சேர்த்துப் புளிக்கவைக்கிற முறையும் இருக்கிறது. 2021 இல் இரசாயன உரத் தடை வந்தபோது மீனும் வெல்லமும் கலந்த கரைசலைச் செய்யாத தோட்டக்காரர் அருமை. தீவனத்துக்கும் அதே வழி செல்லும்: அரைத்த கழிவுக்கு 10 முதல் 15 சதவீதம் மொலாசஸ் (சீனி ஆலையில் மிஞ்சும் பாகு), சிறிது புளித்த தயிர், காற்றுப் புகாத மூடி. இலற்றிக் அமில பற்றீரியாக்கள் இரண்டு மூன்று நாளில் பிஎச்சை 4.5 க்குக் கீழே கொண்டுவரும். பனங்கட்டி இன்றைக்கு விற்கிற விலையில் அதை மீன் தலைக்கு ஊற்ற எனக்கு மனம் வராது. மொலாசஸ் பெல்வத்தை, செவனகல சீனி ஆலைகள் பக்கமிருந்து வர வேண்டும். கள்ளை ஊற்றிப் பார்க்கலாமே என்று கேட்கிற பெரியவர்களுக்கு, கள்ளில் மதுவம் (ஈஸ்ட்) மிகுதி, அது அமிலத்தைவிட மதுசாரத்தையும் வாயுவையுமே கூடுதலாகத் தரும், இறுக மூடிய கான் வெடித்துவிடும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

திரவத்தை அப்படியே கோழிக்குக் கொடுக்க முடியாது. தவிட்டோடு சேர்த்துக் காயவைக்கிறேன். முதலில் சைலேஜை 85 முதல் 90 பாகை வரை சூடாக்குவேன். அதில் நொதியம் நின்றுவிடும், எஞ்சிய கிருமிகள் சாகும், எண்ணெய் தெளிவாகப் பிரிந்து மேலே வரும். எண்ணெயை வழித்தெடுத்த பின் தவிட்டைக் கொட்டிப் பிசைந்து, கறுப்புப் படங்கில் மெல்லிய படையாகப் பரப்புவோம். சோளகக் காற்று வீசுகிற வைகாசி முதல் ஆவணி வரை ஒரு பகலில் பெரும்பாலும் காய்ந்துவிடும். ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே இறங்காவிட்டால் சாக்குக்குள் பூஞ்சணம் பிடிக்கும். வாடைக்காற்றும் மாரியும் வந்துவிட்டால் இந்த வேலையை நிறுத்தி, பரலில் திரவமாகவே வைத்திருப்பேன். தவிடு புழுங்கலரிசித் தவிடாக இருப்பது நல்லது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள கொழுப்பைப் பிரிக்கிற நொதியம் செத்துவிடுவதால் அது விரைவில் காறாது. உமி கலந்த தவிட்டை வாங்கினால் இத்தனை பாடும் வீண். கையில் அள்ளி ஊதிப் பார்த்து, பறக்கிறதை வைத்தே மில்காரருடன் விலை பேசுவது வழக்கம்.

கணக்கு இப்படி வரும். சைலேஜில் புரதம் 15 சதவீதம், தவிட்டில் 12 சதவீதம் என்று கொண்டால், ஒரு கிலோ சைலேஜும் ஒரு கிலோ தவிடும் காய்ந்து ஏறக்குறைய 1.15 கிலோவாகும், அதில் புரதம் 23 சதவீதம் அளவில் இருக்கும். அதே தவிட்டை ஒருமுறை காயவைத்து மீண்டும் இன்னொரு கிலோ சைலேஜில் நனைத்துக் காயவைத்தால் 30 சதவீதத்தைத் தொடும். மூன்றாம் முறையும் நனைக்கலாம், ஆனால் கட்டிபிடித்துச் சாம்பலும் கூடிவிடும். இது 60 சதவீதப் புரதமுள்ள மீன்தூள் அல்ல. அப்படிச் சொல்லி விற்கவும் கூடாது.

ஆய்வுகூட அறிக்கையை வாசிக்கும்போது ஒரு கவனம் வேண்டும். புரதம் என்று அதில் எழுதியிருப்பது நேரடியாக அளந்த புரதமல்ல. நைதரசனை அளந்து 6.25 ஆல் பெருக்கிய தொகை. அழுகிய மீனின் அமோனியாவிலும் நைதரசன் உண்டு, யூரியாவிலும் உண்டு. ஆகவே நாறிய கழிவில் செய்த தூளும் நல்ல கழிவில் செய்த தூளும் அந்தத் தாளில் ஒரே தொகையைக் காட்டலாம். ஆவியாகும் நைதரசன் சேர்மங்களையும் தனியாக அளந்து தரும்படி கேட்டால்தான் உண்மை வெளிவரும். இறால் தலையில் இந்த ஏமாற்றம் இன்னும் பெரிது: ஓட்டிலுள்ள கைற்றினில் 6.9 சதவீதம் நைதரசன் இருப்பதால், துளிப் புரதமும் இல்லாத சுத்தக் கைற்றின்கூட அறிக்கையில் 43 சதவீதப் புரதமாகத் தோன்றும். கோழிக்கு அதில் பெரிதாக ஒன்றும் சமிக்காது.

கோழிக்குக் கொடுக்கும் அளவைத் தீர்மானிப்பது புரதமல்ல, மீன்கொழுப்பு. மொத்தத் தீனில் மீன்கொழுப்பு 1 சதவீதத்தைத் தாண்டினால் முட்டையில் மீன்வாடை ஏறும். கூட்டில் வளர்த்த கொடுவாவின் வயிற்றுக்குள் குடலைச் சுற்றி வெள்ளைக் கொழுப்பு மண்டிக் கிடப்பதால், எண்ணெய் வழிக்காத சைலேஜில் 8 சதவீதம் கொழுப்பு இருந்தால், இருமுறை நனைத்த தவிட்டுக் கலவையில் மீன்கொழுப்பு மட்டும் 11 சதவீதத்தை எட்டும். அந்தக் கலவையைத் தீனில் 9 சதவீதத்துக்கு மேல் சேர்க்க முடியாது. எண்ணெயை 2 சதவீதத்துக்கு வழித்துவிட்டால் இந்தத் தடை அநேகமாக நீங்கிவிடும். மீன் நாற்றம் முட்டையில் இருக்கிறதா என்று பார்க்க நான் நம்புவது என் வீட்டாரை அல்ல, மரக்கறிச் சாப்பாட்டோடு முட்டை மட்டும் சாப்பிடுகிற ஒரு அயல்வீட்டு அக்காவை. வழித்த எண்ணெயில் ஒரு பங்கைப் பழைய மரத்தோணிக்குப் பூசவென்று ஒரு பெரியவர் வந்து எடுத்துப்போவார்.

கொடுவாக் கழிவைத் திரும்பவும் கொடுவாவுக்குக் கொடுக்கக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வளர்ப்புமீனுக்கு அதே இன வளர்ப்புமீனின் புரதத்தை ஊட்டுவது சட்டத்தால் தடுக்கப்பட்டிருக்கிறது. அமிலம் பெரும்பாலான பற்றீரியாக்களை அடக்கினாலும் எல்லா வைரசுகளையும் கொல்லும் என்று நம்பியிருக்க முடியாது. இறாலில் இந்த விதி இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். 1996 இல் வெண்புள்ளி நோய் புத்தளம் பக்கத்து இறாற் பண்ணைகளைச் சாய்த்ததை அந்தத் தொழிலில் இருந்தவர்கள் மறக்கவில்லை. பச்சை இறால் தலையை இறால் குளத்துக்குள்ளோ நண்டுத் தொட்டிக்குள்ளோ எறிவது அந்த நோயைக் கையால் அழைத்துவருவதற்குச் சமம். எங்கள் கொடுவாக் கலவை கோழிக்கும் தாராவுக்கும் போகிறது, சிறிதளவு வன்னியில் திலாப்பியா வளர்ப்பவர்களுக்குப் போகிறது. மாட்டுக்குக் கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுப்பதில்லை. பசுவுக்கு மீன் ஊட்டினார்கள் என்ற பேச்சு ஒருமுறை எழும்பினால் யாழ்ப்பாணத்தில் அந்தப் பாலை வாங்க ஆளிராது.

கடலட்டை அவிக்கிற இடங்களிலிருந்தும் குடற்கழிவை எடுக்கச் சொல்லிக் கேட்டார்கள். கடலட்டையில் மீனுக்கு நஞ்சாகிற சப்போனின் வகைப் பொருட்கள் இருப்பதால் அதை என் பரல்களுக்கு அருகிலும் விடுவதில்லை. பப்பாசிப் பாலைக் கொண்டு 55, 60 பாகைச் சூட்டில் மீன்கழிவைக் கரைத்தெடுக்கிற முறையைச் செய்து பார்த்ததில் தெளிந்த, நல்ல திரவம் கிடைத்தது; ஆனால் அமிலமில்லாத அந்தத் திரவத்தை உடனே உலர்த்த வேண்டும், தெளித்து உலர்த்துகிற இயந்திரம் எங்கள் கைக்கு எட்டாதது. கறுப்புப் படைவீரன் ஈயின் புழுவுக்குக் கழிவை ஊட்டிப் புழுவைத் தீவனமாக்குகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குப் போட்டியில்லை.

இடம் தெரிவு செய்யும்போது பெரும்பாலானோர் நிலத்தின் விலையைப் பார்க்கிறார்கள். நான் காற்றைப் பார்க்கச் சொல்வேன். சோளகம் தென்மேற்கிலிருந்து வீசுகிற மாதங்களில்தான் காயவைக்கிற வேலை நடக்கிறது, ஆகவே வளவின் வடகிழக்குப் பக்கத்தில் யார் வீடு இருக்கிறது என்பது முக்கியம். எங்கள் வடகிழக்கில் ஓர் ஆச்சி இருக்கிறார். வேலை தொடங்குமுன் நானே போய்ச் சொன்னபோது அவர் சொன்னது: "தம்பி, நீர் என்னவும் செய்யும். வெள்ளிக்கிழமை நான் விரதச் சோறு கிண்டுற நேரம் உந்த மணம் வேலியைத் தாண்டி வரக்கூடாது, அவ்வளவுதான்." அதனால் வெள்ளிக்கிழமைகளில் படங்கு விரிப்பதில்லை. பிரதேச சபை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மத்திய சுற்றாடல் அதிகார சபை ஆகிய மூன்று இடங்களிலும் கேட்கிற கேள்விகள் கழிவுநீரைச் சுற்றியே வரும். நிலத்தைச் சரிவாகச் சீமெந்து போட்டு, கழுவிய நீர் முழுவதும் ஒரு பிளாஸ்டிக் தாங்கிக்குள் விழும்படி செய்து, அதை அடுத்த பரலின் கலவைக்கே பாவிப்பதைக் காட்டினால் பேச்சு இலகுவாகும். தீவனமென்று பெயரிட்டு விற்பதற்குக் கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் பதிவு வேண்டும்; அதுவரை சொந்தக் கோழிக்கு மட்டும் பாவிப்பது நல்லது. இலையான் வந்தால் எங்கோ ஒரு மூடி திறந்திருக்கிறது என்று அர்த்தம். அமிலம் சேர்ந்த கூழில் அது முட்டையிடுவதில்லை, சேராத வாளியில்தான் மொய்க்கும்.

கடைசியாக விலை. முதலில், கிடங்கு வெட்டுகிற கூலி மிச்சம் என்று கழிவைச் சும்மா தந்தார்கள். கோழித்தீன் ஆகிறது என்று தெரிந்ததும் கிலோவுக்கு விலை கேட்டார்கள், கேட்பதும் நியாயமே. நிறைக்கு விலை வைத்தால் தண்ணீர் ஊற்றிய வாளியும் நேற்றைய வாளியும் சேர்ந்து வரும் என்பதால் நேரத்துக்கு விலை வைத்தோம். மெசினும் அமிலக் கானும் இப்போது என் வளவில் இல்லை, அவர்களுடைய வெட்டுமேசைக்குப் பக்கத்துத் தகரக் கொட்டிலில் இருக்கின்றன. மீன் வெட்டத் தொடங்கிய மணியையும் அமிலம் கலந்த மணியையும் பரலின் மூடியில் எழுதுகிறார்கள். இடைவெளி 2 மணித்தியாலத்துக்குள் இருந்தால் முழு விலை, 4 வரை பாதி விலை, அதைத் தாண்டினால் காசில்லை, அந்தப் பரல் தென்னைக்கு உரமாகப் போகும். நான் கொண்டுபோகிற பிஎச் தாளை இரண்டு பக்கத்தாரும் பார்க்க நனைப்போம். அமிலத்தை நான் வாங்கிக் கொடுக்கிறேன், அரைப்பதும் கலப்பதும் அவர்கள் பொறுப்பு. அமிலத்தின் விலை ஏறினால் கழிவின் விலையில் எவ்வளவு குறையும் என்பதையும் எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறோம்.